ஷாங்காய்க்கு மூத்த துணைநகரம்

ஷாங்காய் மெட்ரோவின் 11-ஆம் தடத்தில் மேற்கே போகிற ரயில், ஆன்திங் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் ஒரு மாகாண எல்லையைக் கடக்கிறது. தூண்களின் மேல் ஓடும் பாதை அது. கீழே சாலை, கால்வாய், வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கட்டடத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கிறதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு விலையைக் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்து வரும் மூன்று நிலையங்களான ஜாவோஃபெங் சாலை, குவாங்மிங் சாலை, ஹுவாச்சியாவோ ஆகியவை ஷாங்காயில் இல்லை. அவை ஜியாங்சு மாகாணத்துக் குன்ஷானைச் சேர்ந்தவை. 2013 அக்டோபர் 16 அன்று இந்த நீட்டிப்பு திறக்கப்பட்டபோது, சீனாவில் மாகாண எல்லையைத் தாண்டிய முதல் மெட்ரோ என்ற பெயர் அதற்குக் கிடைத்தது.

காலையில் இந்த ரயில் எதிர்த்திசையில்தான் நிரம்பி வழியும். ஹுவாச்சியாவோவில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு சலுகை உண்டு: அது கடைசி நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஷாங்காயின் நடுப்பகுதிக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காரில் போகலாமே என்றால், ஷாங்காய் பதிவெண் பலகை ஏலத்தில்தான் கிடைக்கும். அதற்கே ஏறத்தாழ 90,000 யுவான் ஆகும். வெளியூர்ப் பதிவெண் உள்ள கார்கள் வேலை நாட்களில் பகல் நேரத்தில் ஷாங்காயின் மேம்பாலச் சாலைகளில் ஏறவே முடியாது. ஆகவே மெட்ரோதான் கதி.

குன்ஷான் சட்டப்படி சூஜோ பெருநகரத்தின் கீழ் வரும் மாவட்ட நிலை நகரம். பரப்பு சுமார் 930 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சத்து 90 ஆயிரம் பேர். அதில் சுமார் பாதிப்பேர் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்கள். அரசாங்கக் கோப்புகள் சூஜோவுக்குப் போகும். மனிதர்கள் ஷாங்காய்க்குப் போவார்கள். திட்ட வல்லுநர்கள் இப்படிப்பட்ட ஊரைத் துணைநகரம் என்பார்கள். பெருநகரம் வீங்கிப் பெருத்து, இடம் போதாமல் வெளியே தள்ளிய மிச்சம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பழைய வரைபடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் குன்ஷான் விஷயத்தில் கதை தலைகீழ்.

நீர் எழுதிய ஊர்

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் வருகிறவர்கள் குன்ஷானைப் பாலத்தின் மேலிருந்துதான் முதலில் பார்ப்பார்கள். தான்யாங்கிலிருந்து குன்ஷான் வரை 164 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே பாலம். 2011-இல் பெய்ஜிங்–ஷாங்காய் ரயில் பாதையோடு திறக்கப்பட்ட இது உலகின் மிக நீளமான பாலங்களில் முதலிடத்தில் வைக்கப்படுகிறது. கடலைக் கடக்க இவ்வளவு நீளப் பாலம் கட்டினார்கள் என்றால் புரியும். இதன் கீழே இருப்பதோ வயல், கால்வாய், மீன் குட்டை, கிராமம், தொழிற்சாலைக் கூரை. நடுவில் யாங்செங் ஏரியின் மேலும் சில கிலோமீட்டர் ஓடுகிறது. இந்த மண் களிமண்ணும் சேறுமாக இளகியது. தரையில் கரை போட்டுத் தண்டவாளம் பதித்தால் நாளடைவில் உள்வாங்கும். அதனால் தூண்களை ஆழமாக இறக்கிப் பாதையை மேலே தூக்கிவிட்டார்கள். நெல் விளையும் நிலமும் மிஞ்சியது.

தாய்ஹு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே சரிவே இல்லாமல் கிடக்கும் சமவெளி இது. பெரும்பாலான இடங்களில் நிலம் கடல் மட்டத்துக்கு மூன்று நான்கு மீட்டர்தான் மேலே இருக்கிறது. மேற்கே யாங்செங் ஏரி. தெற்கே ஷாங்காயின் சிங்பூ வட்டாரத்தோடு பங்குபோட்டுக்கொள்ளும் தியான்ஷான் ஏரி. நடுவே எண்ணிச் சொல்ல முடியாத வாய்க்கால்கள். மேடான ஒரே இடம் நகரத்துக்குள் இருக்கும் யூஃபெங் குன்று. அதன் உயரம் 80 மீட்டர். மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இந்த ஊருக்கு அதுதான் மலை. அதன் வயிற்றில் கிடைத்த, துளை துளையாக அரிக்கப்பட்ட வெள்ளைக் கல்லைச் சீனத்து அறிஞர்கள் மேசை அலங்காரமாக வைத்துப் போற்றியிருக்கிறார்கள். அடிவாரத்துப் பூங்காவில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பனிக்கட்டி பாதி கரைந்து அப்படியே உறைந்ததுபோல் ஓரங்கள் கூர்கூராக நிற்கின்றன. துளைகளுக்குள் படிகங்கள் விளக்கொளியில் மினுங்குகின்றன. தோண்டித் தோண்டி எடுத்ததில் குன்றுக்கே ஆபத்து வந்ததால் பழைய காலத்திலேயே அதிகாரிகள் தடை போட வேண்டியிருந்தது.

குன்ஷானைச் சேர்ந்த பாசெங் பக்கத்தில் சுவோதுன் என்ற இடத்தில் தொல்லியலாளர்கள் சுமார் 6,000 ஆண்டு பழமையான நெல் வயல்களைக் கண்டெடுத்தார்கள். தானியம் மட்டும் கிடைக்கவில்லை. பாத்தியும், நீர் தேக்கிய குழியும், ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் விட்ட வழியும் கிடைத்தன. அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் இங்கே நடந்த வேலை ஒன்றுதான்: சதுப்பைச் சுற்றிக் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து, வயலாக்குவது. வெளியே ஆறு, உள்ளே வயல், நடுவில் கரையும் மதகும். இந்தத் தொழிலில் ஊறிய ஊருக்கு, எந்தத் தண்ணீரை உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற கணக்கு ரத்தத்தில் இருக்கும் போலிருக்கிறது. 1980-களில் அந்தக் கணக்கு பணத்தின் விஷயத்தில் உதவியது.

தாய்ஹு ஏரியில் கிளம்பும் வூசோங் ஆறு குன்ஷானின் தென்பகுதி வழியாகக் கிழக்கே போகிறது. ஷாங்காய்க்குள் நுழைந்ததும் அதே ஆறு சூஜோ ஓடை என்ற பெயரில் கிடங்குகளையும் பழைய ஆலைகளையும் தொட்டுக்கொண்டு போய், பண்ட் ஆற்றங்கரைச் சாலையின் வடக்கு முனையில் ஹுவாங்பூவில் விழுகிறது. படமெடுக்கச் சுற்றுலாப் பயணிகள் குவியும் அந்த முனையில் ஓடுவது குன்ஷான் வழியாக வந்த தண்ணீர்.

நிலம் கொடுத்துத் தேய்ந்த ஊர்

சின் பேரரசு காலத்திலேயே இங்கே ஒரு மாவட்டம் இருந்தது. ஹான் காலம் முதல் அதற்கு லோவ் என்று பெயர். ஐந்தாம் நூற்றாண்டில் அதை நிர்வகிக்க வந்த அதிகாரிகளில் ஒருவர் சூ சோங்ஜி. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணை ஏழு தசம இடம் வரை சரியாகக் கணித்தவர். ஐரோப்பா அந்தத் துல்லியத்தை எட்ட ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று குன்ஷானில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

ஆறாம் நூற்றாண்டில், லியாங் வம்சத்தின் கீழ், குன்ஷான் என்ற பெயரில் மாவட்டம் உருவானது. அதன்பின் அதன் வரலாறு, நிலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்த வரலாறு. 751-இல் தாங் ஆட்சியில் குன்ஷானின் தென்பகுதியையும் ஜியாசிங், ஹையான் மாவட்டங்களின் பகுதிகளையும் சேர்த்து ஹுவாதிங் என்ற புது மாவட்டத்தை ஏற்படுத்தினார்கள். இன்றைய சோங்ஜியாங் அதுதான். எந்தக் குன்றின் பெயரைக் குன்ஷான் சூடிக்கொண்டதோ, அந்தக் குன்றே ஹுவாதிங்கோடு போய்விட்டது. இப்போது அது ஷாங்காய் எல்லைக்குள் நிற்கிறது. அடுத்து 1217-இல், தெற்கு சோங் காலத்தில், கிழக்குப் பகுதியைப் பிரித்து ஜியாதிங். 1292-இல் ஹுவாதிங்கிலிருந்து ஒரு துண்டைப் பிரித்துத்தான் ஷாங்காய் என்ற மாவட்டம் பிறந்தது. வாரிசுக் கணக்குப்படி பார்த்தால், குன்ஷானின் நிலத்தில் பிறந்த ஹுவாதிங்குக்குப் பிறந்த பேத்தி ஷாங்காய். பேத்தி வளர்ந்து கோடீஸ்வரியானபின், பாட்டியைப் பார்த்து ‘என் துணைநகரம்’ என்கிறாள்.

வடகிழக்கே இன்னொரு பிரிவினையும் உண்டு. குன்ஷான் நகரத்தைத் தொட்டு ஓடும் லோவ் ஆறு, தைசாங் வழியாக யாங்சியின் முகத்துவாரத்தை அடையும் இடத்தில் லியூஜியாகாங் துறைமுகம் இருந்தது. யுவான் ஆட்சியில் குன்ஷானின் தலைமையகமே சில பத்தாண்டுகள் தைசாங்குக்கு மாற்றப்பட்டிருந்தது. 1497-இல்தான் குன்ஷான், சாங்ஷு, ஜியாதிங் மூன்றிலிருந்தும் நிலம் எடுத்துத் தைசாங்கைத் தனி நிர்வாகமாக்கினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங் கடற்படைத் தலைவர் ஜெங் ஹெயின் கப்பல்கள் கூடிக் கிளம்பியது இந்த லியூஜியாகாங்கிலிருந்து. அந்தக் கப்பல்களில் ஒன்று இலங்கையின் காலிக்குக் கொண்டுவந்து சேர்த்த கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1409 என்ற காலக்குறிப்பு கொண்ட அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசிப் பிரிவினை 1958-இல் வந்தது. வளரும் ஷாங்காய்க்குக் காய்கறியும் அரிசியும் தொழிற்சாலைக்கு இடமும் வேண்டுமென்று ஜியாங்சு மாகாணத்திலிருந்து ஜியாதிங், பாவ்ஷான், சோங்ஜியாங், சிங்பூ உள்ளிட்ட பத்து மாவட்டங்களை அதனோடு சேர்த்தார்கள். குன்ஷானின் கிழக்கு வேலியில் வந்து கோடு நின்றது. ஜியாதிங்கின் ஆன்திங் அந்தப் பக்கம் போயிற்று. ஹுவாச்சியாவோ இந்தப் பக்கம் தங்கிற்று. அன்று யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், கல்லூரி நுழைவுத் தேர்வை எந்த மாகாணத்தில் எழுதலாம், வீட்டுக்கு என்ன விலை என்பதையெல்லாம் இன்று அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

சியான்தெங்கின் கல் வீதி

நகரத்திலிருந்து தெற்கே பஸ்ஸில் போனால் சியான்தெங். மின் சாதனத் தொழிற்சாலைகளைத் தாண்டி, பழைய ஊருக்குள் நுழைந்தால் பாளம் பாளமாகக் கல் பதித்த ஒரு நீண்ட வீதி. இரண்டு பக்கத்து வீடுகளின் மாடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல் நெருங்கி நிற்கின்றன. கற்களுக்கு அடியில் சாக்கடை ஓடுகிறது. சில பாளங்கள் நடக்கும்போது ஆடிக் கடகடக்கின்றன. வீட்டு வாசலில் ஒரு பாட்டி ஆவியில் வெந்த அரிசிப் பலகாரத்தை விற்றுக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி, கு யான்வூவின் வீடு.

1613-இல் பிறந்தவர் கு யான்வூ. 1645-இல் மஞ்சுப் படைகள் தெற்கே இறங்கியபோது குன்ஷான் எதிர்த்து நின்றது. ஊர் வீழ்ந்ததும் படுகொலை நடந்தது. அவரை வளர்த்த தாய், அந்நிய ஆட்சியில் உயிரோடு இருக்க மாட்டேன் என்று உண்ணாமல் இருந்து உயிர்விட்டார். புது அரசில் வேலை பார்க்கக் கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார். மகன் கடைசிவரை பார்க்கவில்லை. தென்னாட்டு வீட்டை விட்டுக் கிளம்பி வட சீனாவெங்கும் சுற்றினார். குதிரை, கோவேறு கழுதைகளின் மேல் புத்தக மூட்டைகள். ஒரு கணவாயையோ கோட்டையையோ அடைந்தால், அங்கே பணிபுரிந்து ஓய்ந்த கிழச் சிப்பாய்களைக் கூப்பிட்டு நிலத்தின் விவரம் கேட்பார். அவர்கள் சொன்னது நூலில் இருப்பதோடு பொருந்தாவிட்டால், பக்கத்துக் கடையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துச் சரிபார்ப்பார். பாசனம், வரி, எல்லை, சாலை என்று மாவட்டவாரியாக அவர் தொகுத்தவை சீனப் புவியியலுக்கு அடித்தளமானவை. நாடு வாழ்வதற்கும் வீழ்வதற்கும் சாதாரணக் குடிமகனும் பொறுப்பாளி என்ற கருத்தை இன்றும் சீனப் பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரோடு சேர்த்தே படிக்கிறார்கள்.

ஆராய்ச்சியில் ஊகத்துக்கு இடமில்லை, ஆதாரம் வேண்டும் என்று பின்வந்த சிங் காலத்து அறிஞர்களைப் பழக்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர். அவருடைய கல்லறையும் சியான்தெங் வீட்டு வளாகத்தின் பின்புறமே இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றி 1682-இல் ஷான்ஷி மாகாணத்தில் இறந்தவரைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இதே சியான்தெங்தான் குன்ச்சு இசை நாடகத்தின் பிறப்பிடம் என்பது மரபு. பதினான்காம் நூற்றாண்டில் கு ஜியான் என்பவர் இந்த வட்டாரத்து மெட்டுகளைச் சீர்செய்தார் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தைசாங்கில் வாழ்ந்த வெய் லியாங்ஃபு அதை மெல்லிய, இழுத்து இழைத்த பாட்டு முறையாக மாற்றினார். குன்ஷான்காரரான லியாங் சென்யு அந்த இசைக்கென்றே ஒரு முழு நாடகம் எழுதினார். அதன்பின் இருநூறு ஆண்டு, படித்தவர் வீட்டுக் கூடம் முதல் பெய்ஜிங் அரண்மனை வரை குன்ச்சுதான். மூங்கில் புல்லாங்குழல் முன்னே போக, ஒரே அசையைப் பல தாள வட்டத்துக்கு நீட்டிப் பாடும் கலை. சட்டைக் கையின் நீண்ட வெள்ளை நுனி ஒரு தடவை மடிந்து விழுவதற்குள் நாயகியின் மனம் இரண்டு முறை மாறிவிடும்.

பிறகு பீக்கிங் ஓபரா வந்து அதை ஓரங்கட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அழிந்தே போன கலையை, 1921-இல் சூஜோவில் தொடங்கிய ஒரு பயிற்சிப் பள்ளி கைப்பிடி அளவு பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றியது. 2001-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் வாய்மொழி மரபுப் பட்டியலில் குன்ச்சு இடம்பெற்றது; கேரளத்தின் கூடியாட்டமும் அதே பட்டியலில்தான் வந்தது. இன்று குன்ஷானில் பள்ளிச் சிறுவர்களுக்குக் குன்ச்சு சொல்லிக்கொடுக்கிறார்கள்; 2015-இல் ஊருக்கென்று ஒரு தொழில்முறைக் குழுவும் ஏற்பட்டது. கைபேசி உதிரிபாகத் தொழிற்சாலை கட்டிய பணம் புல்லாங்குழலுக்கும் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினீயர்கள்

1980-களின் தொடக்கத்தில் சூஜோவின் கீழ் ஆறு மாவட்டங்கள். அதில் கடைக்குட்டி குன்ஷான். நெல்லும் கோதுமையும் கடுகுமாக விவசாயத்தை நம்பி இருந்த ஊர். அண்டை மாவட்டங்களில் கிராமத் தொழில்கள் முளைத்தபோது இங்கே அதுவும் குறைவு. ஐம்பது கிலோமீட்டரில் சீனாவின் மிகப்பெரிய தொழில் நகரம். நடுவில் மாகாணக் கோடு.

1984-இல் மாவட்ட நிர்வாகம் ஊருக்குக் கிழக்கே வயல்வெளியில் தானே ஒரு தொழிற்பேட்டையைத் தொடங்கியது. மத்திய அரசு அப்போது கடலோரத்தில் பதினான்கு நகரங்களுக்குத்தான் சலுகை அறிவித்திருந்தது. குன்ஷான் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதியும் இல்லை, மத்திய அரசின் பணமும் இல்லை. சொந்தக் காசில் சாலை போட்டு, மின்சாரமும் குடிநீரும் இழுத்தார்கள். முதலில் வளைத்தது வெளிநாட்டாரை அல்ல, ஷாங்காயை. இட நெருக்கடியில் தவித்த ஷாங்காயின் ஆலைகளைக் கிளை திறக்க அழைத்தார்கள். உள்நாட்டு மலைப்பகுதிகளுக்குப் போர் பயத்தில் அனுப்பப்பட்டிருந்த தொழிற்சாலைகளையும் இங்கே வரச்சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் ஷாங்காயின் அரசு ஆலைகளில் வேலை பார்த்த எஞ்சினீயர்களும் மெக்கானிக்குகளும் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, இந்தப் பக்கத்து ஊர்களின் சிறு பட்டறைகளுக்கு வந்து இயந்திரம் பொருத்திக் கொடுத்து, வரைபடம் திருத்தி, மாலையில் கையில் கொஞ்சம் பணமோ மீனோ நண்டோ வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை எஞ்சினீயர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர். இது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அன்றைய செய்தித்தாள்களில் வாக்குவாதம் நடந்தது. சிலர் மேல் வழக்கும் வந்தது. குன்ஷானின் உண்மையான முதல் மூலதனம் இந்த மனிதர்களின் வார விடுமுறை என்பேன்.

1988-இல் ‘மக்கள் நாளிதழ்’ குன்ஷானின் வழியைப் பாராட்டி எழுதியது. 1989-இல் மாவட்டம் நகரமாயிற்று. 1992-இல் மத்திய அமைச்சரவை, எட்டு ஆண்டுக்கு முன்பே முளைத்துவிட்ட பேட்டைக்குத் தேசிய அந்தஸ்து கொடுத்தது. 1990 முதல் தைவான் முதலாளிகள் வரத் தொடங்கினார்கள். ஜயன்ட் சைக்கிள், ஃபாக்ஸ்கான், பிறகு காம்பல், விஸ்ட்ரான், பெகட்ரான். நாமெல்லாம் தட்டியிருக்கும் மடிக்கணினிகளில் பல இங்கே பூட்டப்பட்டவை. தைவான் பிள்ளைகளுக்கென்று ஹுவாச்சியாவோவில் 2001-இல் ஒரு பள்ளி திறந்தார்கள். அவர்கள் கும்பிடக் கடல் தெய்வம் மாஜுவுக்குத் தைவான் பாணியில் ஒரு கோயிலும் எழுந்தது. சீன, தைவான் அரசுகள் முகம் திருப்பிக்கொண்ட ஆண்டுகளிலும் இந்த ஊரில் தைவான் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை.

கடைக்குட்டி இப்போது சீனாவின் மாவட்டங்களில் முதலிடம். 2022-இல் 50,000 கோடி யுவான் உற்பத்தி மதிப்பைத் தாண்டிய முதல் மாவட்ட நிலை நகரம் குன்ஷான். காப்பிச் செடி ஒன்றுகூட வளராத இந்த ஊரில் 2023-இல் ஸ்டார்பக்ஸ் தன் பெரிய காப்பி வறுக்கும் ஆலையைத் திறந்தது. அடுத்த ஆண்டே அதன் சீனப் போட்டியாளரான லக்கினும் வறுவல் ஆலையோடு வந்து சேர்ந்தது. துறைமுகமும், குடிக்கிறவர்களும், குளிர்சாதனக் கிடங்கும் பக்கத்திலேயே இருக்கும்போது தோட்டம் எங்கே இருந்தால் என்ன? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகமும் வூஹான் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் கல்லூரி ஒன்றும் 2014 முதல் இங்கே இயங்குகிறது.

கொடுத்த விலை

2014 ஆகஸ்ட் 2 அன்று காலை, கார் சக்கரங்களை மெருகேற்றும் ஓர் ஆலையில் அலுமினியத் தூசி வெடித்தது. தூசியை உறிஞ்சும் குழாய்களை ஒழுங்காகச் சுத்தம் செய்யாததும், வேலை மேடைகளை நெருக்கி அடுக்கியதும் காரணம் என்று விசாரணை சொன்னது. 146 பேர் இறந்தார்கள். அந்தச் சக்கரங்களைப் பூட்டிய கார்கள் எந்தெந்த நாட்டுச் சாலைகளில் ஓடினவோ, அங்கெல்லாம் இந்த ஊரின் பெயர் அந்த ஒரு வாரம் மட்டும் செய்தியில் அடிபட்டது. நாடு முழுக்கத் தூசி உள்ள ஆலைகளில் அதன்பின் சோதனை நடந்தது. வெளியூரிலிருந்து வந்து மடிந்த அந்தக் கூலித் தொழிலாளர்களின் கதையைச் சொல்லாமல் முதலிடக் கணக்கை மட்டும் சொல்வது நியாயமில்லை.

2022 வசந்தத்தில் கொரோனாவுக்காக ஷாங்காயைச் சுமார் இரண்டு மாதம் பூட்டினார்கள். குன்ஷானும் ஏப்ரலில் பூட்டிக்கொண்டது. மாகாணக் கோடு திடீரென்று சுவராயிற்று. இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் வேலை என்று வாழ்ந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு ஊரின் ஆலைகளும் நின்றதும் உலகக் கணினி நிறுவனங்கள் உதிரிபாகம் இல்லாமல் தவித்தன. ஒரு வட்டாரத்தை ஒன்றாக வளர்த்துவிட்டு இரண்டாக ஆள்வதன் சிக்கல் அன்று எல்லோருக்கும் புரிந்தது. 2023 ஜூனில் சூஜோ மெட்ரோவின் 11-ஆம் தடம் குன்ஷான் நகரத்தைக் குறுக்கே கடந்து ஹுவாச்சியாவோவுக்கு வந்தது. இப்போது சூஜோவில் ஏறி, ஒரே ஒரு மாற்றத்தோடு ஷாங்காயின் டிஸ்னி பூங்கா வரை மெட்ரோவிலேயே போகலாம்.

சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு

பெரும்பாலான பயணிகள் குன்ஷான் என்று தெரியாமலே குன்ஷானைப் பார்த்திருப்பார்கள். ஷாங்காயிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாகக் கூட்டிப்போகும் ஜோவ்ஜுவாங் நீர்நகரம் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஓவியர் சென் யிஃபெய் 1984-இல் அங்கே உள்ள இரட்டைப் பாலத்தை வரைந்தார். அமெரிக்க எண்ணெய் அதிபர் ஆர்மண்ட் ஹாமர் அந்த ஓவியத்தை வாங்கி, அதே ஆண்டு தெங் சியாவ்பிங்குக்குப் பரிசளித்தார். ஊர் பிரபலமாகிவிட்டது. 1742-இல் கட்டிய ஷென் குடும்பத்து மாளிகையில் முன்வாசலில் படகிலிருந்து இறங்கினால், ஏழு கட்டு தாண்டிக் கடைசிச் சமையலறைக்குப் போய்ச்சேரலாம். குடும்பத்து மூதாதையான வணிகர் ஷென் வான்சான், மிங் பேரரசரைவிடப் பணக்காரராகக் காட்டிக்கொண்டதற்காக யுன்னானுக்கு நாடுகடத்தப்பட்டார் என்பது ஊர்க்கதை. அவர் பெயரிலேயே சர்க்கரை கலந்து வேகவைத்த பன்றிக்கால் வீதி முழுக்க விற்கிறது. சனி, ஞாயிறுகளில் இந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். வார நாளில், அதுவும் பயண பஸ்கள் கிளம்பிய பிறகு மாலையில், பாலங்கள் காலியாகக் கிடக்கும்.

இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் பாசெங்கில் யாங்செங் ஏரி நண்டைத் தேடிப்போவார்கள். சீன மாதக் கணக்கில் ஒன்பதாம் மாதம் பெண் நண்டு, பத்தாம் மாதம் ஆண் நண்டு என்பது விதி. கால்களைக் கயிற்றால் கட்டி, மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, இஞ்சி போட்ட காடியோடு பரிமாறுகிறார்கள். மசாலா கிடையாது. நம் நாக்குக்கு முதல் வாய் சப்பென்றிருக்கும். ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை எட்டியதும் பேச்சு நின்றுவிடும். வேறு ஏரியில் வளர்ந்த நண்டைக் கொண்டுவந்து சில நாள் இங்கே முக்கி எடுத்து விற்பவர்களும் உண்டு. ஊரார் அதைக் ‘குளிப்பாட்டிய நண்டு’ என்கிறார்கள். காலில் மாட்டிய முத்திரை வளையத்தை நம்பி ஏமாறாமல், தெரிந்த கடையில் வாங்குவதே நல்லது.

வருஷம் முழுக்கக் கிடைப்பது ஆவ்ஜாவ் நூடுல்ஸ். மீனின் செதிலையும் தலையையும் மிச்சத்தையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு இறக்கிய செம்பழுப்புச் சாறு. மேலே எண்ணெய் ஒரு படலமாக மூடியிருப்பதால் ஆவி தெரியாது. அவசரப்பட்டு உறிஞ்சினால் நாக்கு வெந்துவிடும். கிண்ணம்கூடச் சூடாக இருக்க வேண்டும் என்பது கடைக்காரர்களின் கட்டளை. பொரித்த மீன் துண்டு தனித் தட்டில் வரும். அதைச் சாற்றில் முக்கி ஊறவைத்துச் சாப்பிட வேண்டும். காலை ஏழு மணிக்கே யூஃபெங் குன்றின் அடிவாரத்துக் கடையில் கிழவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஷாங்காய்க்கு வேலைக்குப் போகும் இளைஞர் எவரையும் அந்த வரிசையில் நான் பார்க்கவில்லை.

நமக்கு இதில் என்ன?

குன்ஷானின் ஆலைகள் மெல்ல இடம்பெயரத் தொடங்கிவிட்டன. சில மேற்குச் சீனாவுக்கும், சில வியட்நாமுக்கும், சில நம் பக்கமும் வந்துவிட்டன. விஸ்ட்ரான் 2020-இல் தன் குன்ஷான் ஆலையை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பூட்டுகிறது. பெகட்ரான் 2022-இல் செங்கல்பட்டு அருகே ஆலை திறந்தது. அதே வகை வேலை, அதே வகை வாடிக்கையாளர்கள், அதே போல் வெளியூர்ப் பெண்கள் தங்கும் விடுதிகள், பக்கத்தில் ஒரு பெருநகரம்.

ஸ்ரீபெரும்புதூரும் தன் பெருநகரத்துக்கு மூத்த ஊர்தான். இராமானுசர் 1017-இல் அங்கே பிறந்தார் என்பது மரபு. சென்னையில் கோட்டைக்கு இடம் வாங்கியது 1639-இல். குன்ஷானிடமிருந்து அந்த ஊர் எடுத்துக்கொள்ள வேண்டியது சலுகைப் பட்டியலை அல்ல. பக்கத்துப் பெருநகரத்தின் திறமையை வரவழைத்துத் தன் பட்டறையில் உட்காரவைத்த சாமர்த்தியத்தையும், வந்த பணத்தில் ஒரு பங்கை ஏரிக்கும் பள்ளிக்கும் பாட்டுக்கும் ஒதுக்கிய புத்தியையும் எடுத்துக்கொள்ளலாம். ஆலைத் தூசியைக் கவனிக்காமல் விட்டதை எடுத்துக்கொள்ளவே கூடாது. துணைநகரம் என்று பெயர் வாங்குவதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆலைகள் போனபின்பும் ஊராக நிற்கத் தனக்கென்று ஏதாவது வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. குன்ஷான் வைத்திருக்கிறது. நம் ஊர்கள் இப்போதே யோசிக்க வேண்டும்.